முப்பது மீட்டரில் பத்து நிமிடம்

கிருஷ்ணராசா எங்கள் கடைக்கு முதல்முறை வந்தபோது எதையும் வாங்க வரவில்லை. பிப்ரவரி மாதத்து செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. உள்ளே வந்தவர் குடையைக்கூட மடிக்காமல், சிலிண்டர்களுக்குக் காற்றடிக்கும் பின்னறையின் பக்கம் காதைச் சாய்த்தபடி நின்றார். கம்பிரசரின் பெல்ட் தேய்ந்துவிட்டது, இன்னும் இரண்டு வாரம்தான் தாங்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார்.

"மாதங்கி. தமிழோ?"

"ஆமா, அங்கிள்."

"'ஆமா' எண்டா இந்தியா. நாங்கள் 'ஓம்' எண்டுவம். சரி, பரவாயில்லை," என்று மன்னித்துவிட்டார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. வீடு வட லண்டனில், எட்மண்டனில். தமிழ்க் கடைகளின் ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் எல்லாவற்றையும் பழுதுபார்ப்பது அவர் தொழில். அன்று பக்கத்துத் தெருவில் ஒரு மீன் கடையின் குளிரறையைத் திருத்திவிட்டு வேனுக்குத் திரும்பும் வழியில், ட்ராம் பாதையை ஒட்டிய எங்கள் டைவிங் கடை கண்ணில் பட்டிருக்கிறது. பதினைந்து வருடம் ஜெர்மனியில் இருந்தவர். அங்கே உடன் வேலை செய்த ஒருவர் ஏரிக்கு அழைத்துப்போய் டைவிங் பழக்கிவிட்டார். லண்டனுக்கு வந்த பிறகு வருடத்துக்கு ஒரு தடவை எகிப்துக்குப் போய் மீன் பார்த்துவிட்டு வருவாராம். "எங்கட ஆக்கள் கேட்டாச் சிரிப்பினம். கடலுக்குத் தப்பி வந்து திருப்பியும் கடலுக்கை போறான் எண்டு."

நான் நான்கு வருடம் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் செங்கடலிலும் டைவிங் படகுகளில் வேலை செய்துவிட்டு, விம்பிள்டனில் அப்பா அம்மா வீட்டின் பழைய அறைக்குத் திரும்பியிருந்தேன். இரண்டு மாதத்தில் மறுபடி கிளம்பிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அப்படிச் சொல்லத் தொடங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அவர் கவுண்டரில் இருந்த ஒரு துண்டுத்தாளை எடுத்தார். ஆக்சிஜன் கூட்டிய காற்றில் டைவ் செய்யக் கற்றுத்தரும் வகுப்புகளைப் பற்றிய தாள் அது. நைட்ராக்ஸ் என்பார்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் இருபத்தொரு சதவீதம். இதில் வழக்கமாக முப்பத்திரண்டு வரை ஏற்றுவார்கள். அந்த அளவுக்கு நைட்ரஜன் குறைவதால் உடம்பில் சேர்வதும் குறையும், ஆழத்தில் சற்று அதிக நேரம் இருக்கலாம்.

"முப்பது மீட்டரில எவ்வளவு நேரம் நிக்கேலும்?"

"சாதாரணக் காத்துன்னா இருபது நிமிஷம். இதுல முப்பது."

"பத்து நிமிசம் கூட," என்றார். "காணும்."

எனக்குப் புரியவில்லை. எதைக் காணவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்தார். "காணும் எண்டா போதும். காணாது எண்டா போதாது. உங்கட ஆக்களுக்கு இதெல்லாம் படிப்பிக்கோணும்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எதற்காகப் பத்து நிமிடம் என்று சொன்னார்.

தொண்ணூற்றாறில் திருகோணமலைக்கு அப்பால் ஒரு சரக்குப் படகு மூழ்கியது. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து பேரும் ஏறியிருந்தார்கள். அவருடைய தம்பி தவராசா அதில் இருந்தான். கொழும்புக்கு வந்து சேர்ந்தால், அப்போது ஜெர்மனியில் இருந்த இவர் அங்கே அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒருவரும் கரைக்கு வரவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து டைவர்கள் அந்தப் படகைக் கண்டுபிடித்தார்கள். முப்பது மீட்டரில் நிமிர்ந்தபடி கிடக்கிறது. யாரோ எடுத்துப் போட்ட வீடியோவைக் கிருஷ்ணராசா தன் போனில் எனக்குக் காட்டினார். எங்கும் பச்சை இருட்டு. கம்பிகளுக்குள்ளே மீன் கூட்டம். பின்பக்கம் ஒரு எஞ்சின் அறைக் கதவு, பாதி திறந்து.

"இறங்கி அவடத்துக்குப் போகவே அஞ்சாறு நிமிசம் போயிடும். இருபது எனக்குக் காணாது பிள்ளை. ஜூலைக்கு புக் பண்ணிப் போட்டன்."

"உள்ள போகப் போறீங்களா?"

"இல்லை இல்லை. வெளியில நிண்டு பாத்திட்டு வாறன்."

தாளில் மூன்று வகுப்புகள் இருந்தன. ஒன்று, வீட்டிலிருந்தே போனில் படித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அன்றே சான்றிதழ் அட்டை கிடைத்துவிடும். இரண்டாவது, எங்கள் கடையில் அரைநாள். சிலிண்டரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து பார்க்கவும் கணக்குப் போடவும் நேரில் சொல்லிக் கொடுப்போம். மூன்றாவது, மிட்லண்ட்ஸ் பக்கம் தண்ணீர் நிறைந்த ஒரு பழைய கல்குவாரியில் வாரக்கடைசி முழுக்க, இரண்டு டைவோடு. எதை எடுக்கலாம் என்று கேட்டார். கல்குவாரித் தண்ணீர் மார்ச்சில் ஆறு டிகிரி இருக்கும், ஒன்றும் தெரியாது, இவ்வளவு அனுபவம் உள்ளவருக்குத் தேவையும் இல்லை என்றேன். போனில் படிப்பதை நான் ஆதரிக்கவில்லை. தன் சிலிண்டரைத் தன் கையால் அளக்காதவரை நம்பிப் படகில் ஏற்ற எனக்குப் பிடிக்காது.

"அப்ப நடுவில இருக்கிறது," என்றார். "நீர் படிப்பியும்."

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். முதலில் உடல்நலப் படிவம். ஒரு பக்கம், பத்துக் கேள்விகள், ஆம் அல்லது இல்லை. பேனாவை வாங்கி, மேலிருந்து கீழாக 'இல்லை' கட்டங்களில் பத்து டிக் போட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். நான் தேநீருக்குப் பால் ஊற்றி முடிப்பதற்குள் தாள் திரும்பி வந்துவிட்டது.

"படிக்கவே இல்லையே அங்கிள்?"

"என்னத்துக்குப் படிக்கிறது? ஃபோர்ம் எண்டா நோ. ஜெர்மனியில போய் இறங்கேக்கை ஒரு அண்ணை சொல்லித் தந்தது. ஓம் எண்டு ஒரு இடத்தில போட்டாலும் அதில பிடிச்சு நாலு கேள்வி கேப்பாங்கள், பிறகு திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். நான் அந்தப் பழக்கத்தை இங்க வந்தும் விடேல்லை. பிள்ளையளுக்கு அரசாங்கம் குடுக்கிற காசு, சைல்ட் பெனிபிட், வேணுமோ எண்டு கவுன்சிலோ ஆரோ ஒரு ஃபோர்ம் அனுப்பினவங்கள். அதுக்கும் நோ போட்டுட்டன். தயாளினி மூண்டு கிழமை என்னோட கதைக்கேல்லை."

தயாளினி அவருடைய மனைவி. நானும் சிரித்தேன். படிவத்தைக் கோப்பில் வைத்தேன்.

அவரைப் போல ஒரு மாணவர் எனக்குக் கிடைத்ததில்லை. வாயு, அழுத்தம், வால்வு எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். இந்தக் காற்றால் போகக்கூடிய ஆழம் கூடாது, குறையும் என்றேன். ஆக்சிஜன் கூடக்கூட ஆழத்தில் அது நஞ்சு, முப்பத்திரண்டு சதவீதத்துக்கு முப்பத்துநான்கு மீட்டர்தான் எல்லை. "அப்ப ஒட்சிசனும் கூடினாச் சரிவராது," என்று குறித்துக்கொண்டார். சிலிண்டரின் வாயில் அளவுக்கருவியைப் பிடித்து, எண் நிற்கும்வரை மூச்சுவிடாமல் காத்திருந்தார். முப்பத்திரண்டு புள்ளி ஒன்று. ஒட்டுத்தாளில் சதவீதத்தையும் எல்லை ஆழத்தையும் எழுதி, கீழே தமிழில் 'கி.ராசா' என்று கையெழுத்திட்டு சிலிண்டரில் ஒட்டினார். இந்தத் தொழிலில் அது கட்டாயம். நீ சுவாசிக்கும் காற்றை நீயேதான் அளக்க வேண்டும், உனக்காக வேறு யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

"நல்ல முறை," என்றார். "எனக்குப் பிடிச்சிருக்கு."

வகுப்பு முடிந்து, ஜூலைக்கு ஒரு வெட்சூட் போட்டுப் பார்த்தார். முதுகு ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்துவிடப் போனபோதுதான் வலது தோள்பட்டைக்குக் கீழே அந்தத் தழும்பைப் பார்த்தேன். என் உள்ளங்கை அளவு, நடுவில் குழி.

"ஷெல் பீஸ்," என்றார், திரும்பாமலே. "ஒண்டை எடுத்தவை. மற்றது சுவாசப்பைக்குக் கிட்ட இருக்கு. இருந்திட்டுப் போகட்டும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"அப்போ நுரையீரல்ல ஏதாவது ஆச்சா?"

"சுருங்கிப் போச்சுது. குழாய் விட்டுக் காத்து எடுத்தவை. அது எண்பத்தொன்பதில, பிள்ளை. நீர் பிறக்கேல்லை."

ஜிப்பை விட்டுவிட்டேன். படிவத்தின் முதல் கேள்வியே அதுதான்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் இருபது வருடமாக டைவ் செய்கிறவர். ஒன்றும் ஆனதில்லை. ஆனால் ஏறும்போது நுரையீரலின் ஒரு மூலையில் காற்று சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். செங்கடலில் ஒருவரைப் படகுக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் பெயரைக் கேட்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. கோப்பிலிருந்து படிவத்தை எடுத்துக் கிழித்து, புதிது ஒன்றை வைத்தேன். "இதுல ஆமான்னு போடுங்க. டைவிங் டாக்டர் ஒருத்தர்கிட்ட அனுப்புறேன். அவர் சரின்னு எழுதித் தந்தா எனக்கும் சரி."

"ஓம் எண்டு போட்டா திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்," என்றார். இந்தமுறை சிரிக்கவில்லை. ஆனாலும் டாக்டரிடம் போனார்.

மூன்று வாரம் கழித்து டாக்டரின் கடிதத்தோடு வந்தார். இரும்புத் துண்டுக்குப் பக்கத்தில் காற்று தேங்கும் ஒரு பை இருப்பதாக ஸ்கேனில் தெரிந்திருந்தது. இனி எந்த ஆழத்திலும் டைவ் செய்யக்கூடாது, இதுவரை எதுவும் நடக்காதது அதிர்ஷ்டம் மட்டுமே என்று எழுதியிருந்தார்கள். நான் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவர் கண்ணாடிக் கதவு வழியே ட்ராமைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னறையில் கம்பிரசரின் பெல்ட் கிறீச்சிட்டது.

"உந்த முதலாவது கோர்ஸ்," என்றார். "போனில செய்யிறது. அதில கேள்வி கேக்கிறது மெசின்தானே?"

"அங்கிள்."

"இல்லை, கேக்கிறன். மெசினுக்கு என்ர முதுகு தெரியாதுதானே?"

தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. வேறொரு கடையின் பக்கத்தை அவர் முன்பே திறந்து வைத்திருந்தார். பத்து நோ, ஒரு அட்டை, ஜூலையில் ஒரு படகு. அங்கே யாரும் இந்தக் கடிதத்தைக் கேட்கப்போவதில்லை. கட்டைவிரல் முதல் கேள்வியின் மேல் நின்றது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் கையை உயர்த்தினார்.

"தம்பி கொழும்புக்குப் புறப்பட முதல் எனக்குப் போன் எடுத்தவன். அண்ணை, போட் நல்லதோ எண்டு கேட்டவன். ஏஜென்சிக்காரன் சொன்னதைக் கேட்டிட்டு, ஓம், பயப்பிடாமல் ஏறு எண்டனான். ஜெர்மனியில கட்டிலில இருந்துகொண்டு." போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "நான் அந்தப் போட்டைக் கண்ணால பாக்கவும் இல்லை."

நான் டாக்டரின் கடிதத்தை மடித்துக் கவுண்டரில் வைத்தேன்.

"கொலாப்ஸ்ட் லங் எண்டு போட்டிருக்கிறாங்கள். அதுதானே இது?"

"அதுதான்."

பத்துக் கேள்விகளையும் உதடு அசைய மெதுவாகப் படித்தார். படித்து முடித்து மறுபடி மேலே போய், முதல் கேள்வியில் 'ஆம்' தொட்டார். பக்கம் அங்கேயே நின்றது. மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடர முடியாது என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெல்ட்டுக்கு என்ன அளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வந்து மாற்றியும் கொடுத்தார்.

அவர் அளந்த சிலிண்டர் மூலையில் அப்படியே இருந்தது. வேறொருவருக்கு நிரப்புமுன் பழைய ஒட்டுத்தாளை உரிக்க வேண்டும். கையெழுத்தோடு அதை உரித்துக் குப்பையில் போட்டேன்.

ஜூலையில் ஒரு மத்தியானம் வாட்ஸப்பில் அவருடைய குரல்பதிவு வந்தது. காற்றிரைச்சலும் எஞ்சின் சத்தமும். திருகோணமலைக்குப் போயிருந்தார். படகில் ஏறி அந்த இடம்வரை போயிருக்கிறார். மற்ற நான்கு பேர் ஆக்சிஜன் கூட்டிய சிலிண்டர்களோடு இறங்க, அவர் மேலே விளிம்பைப் பிடித்துக்கொண்டு குமிழிகளைப் பார்த்திருக்கிறார். தயாளினி கரையில் நின்றாளாம், அவளுக்குப் படகு ஒத்துக்கொள்ளாதாம். தண்ணீர் நல்ல தெளிவாம். ஆனாலும் முப்பது மீட்டர் தெரியவில்லையாம்.

"மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான், பிள்ளை. முப்பது நிமிசம், முழுசா," என்றார். பிறகு கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் ஓடியது. பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்துப் போனை வைக்கப் போனேன்.

"காணாது," என்றார்.