உள்பக்கம் போன பூட்டு

பாலக்கரையில் ஒரு சந்தின் கடைசி வீட்டில் ஜெஸிமா குடியிருக்கிறாள். கணவர் அப்துல் அஹத் சவுதியில், தம்மாமில் டிரைவர். வீட்டில் அவளும் ஏழு வயது மகள் தஸ்லிமாவும் மட்டும். ஜெஸிமா புர்கா தைப்பவள். தைத்ததைக் கடையில் கொடுத்துவரும் அரைமணி நேரம் மகளை உள்ளே விட்டு, கிரில் கேட்டை வெளியே பூட்டிவிடுவாள். ஆண் துணை இல்லாத வீடு என்ற பயம். பூட்டினாயா என்று அஹத்தும் தினமும் போனில் கேட்பார்.

நெருப்பைப் பற்றியும் மகளுக்குச் சொல்லிவைத்திருந்தாள். அடுப்பைத் தொட்டால் சூடு போடுவேன், தீப்பெட்டியை எடுத்தால் ஹாஸ்டலில் விட்டுவிடுவேன். குழந்தை பயந்தது. பயந்ததையே கற்றுக்கொண்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். பெரும்பாலான வீடுகளில் பாடம் இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

ஒரு வியாழக்கிழமை அந்தி சாய்ந்ததும் மக்ரிப் தொழுதுவிட்டு, வழக்கம்போல் கொட்டாங்குச்சித் தணலில் சாம்பிராணி போட்டு வீடெங்கும் காட்டினாள். தணல் சட்டியைத் தையல் மெஷின் அருகே தரையில் வைத்தாள். கடையிலிருந்து அவசரமாக போன் வரவே, பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

திரும்பும்போது சந்து முனையிலேயே புகை. வியாழன் மாலை எல்லா வீட்டிலும் சாம்பிராணிப் புகைதான் என்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஆனால் இதில் துணி கருகும் நாற்றம் இருந்தது. ஓடினாள். அவசரத்தில் சாவி இரண்டு முறை தவறி, பிறகுதான் பூட்டு திறந்தது.

மெஷினடியில் வெட்டுத்துணிக் குவியல் எரிந்துகொண்டிருந்தது. கத்திக் கூப்பிட்டாள், பதில் இல்லை. அடுப்படியில் இல்லை. குளியலறையில் இல்லை. கட்டிலுக்கடியில், சுவரோடு ஒட்டி, முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள் தஸ்லிமா. ஜெஸிமா அவள் காலைப் பிடித்து இழுத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்வீட்டு நஜ்முன்னிசா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்.

“கூப்பிட்டேனேடி, ஏன் வாயே தொறக்கல?”

இருமலுக்கு நடுவே குழந்தை சொன்னது: “நான் தொடலம்மா. அல்லா மேல ஆணையா தீப்பெட்டிய நான் தொடல.”

நஜ்முன்னிசா காலி வாளியைக் கீழே வைத்தார். “திருடனுக்குப் பயந்து புள்ளையப் பூட்டி வச்சிருக்க. தீ என்ன பெல் அடிச்சிட்டா வரும்?”

மறுநாள் பூட்டு கிரில்லின் உள்பக்கம் போனது. சாவி தஸ்லிமாவின் கைக்கெட்டும் ஆணியில். யார் கூப்பிட்டாலும் திறந்துவிடுவாளே என்று அஹத் போனில் சத்தம் போட்டார்.

“எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா கட்டிலுக்கு அடியில அவளைத் தேடுனது நீங்க இல்லீங்க,” என்றாள் ஜெஸிமா.

தினமும் சாயங்காலம் பழக்கினாள். புகை என்றதும் குனிந்து வர வேண்டும், சாவியை எடுத்துத் திறக்க வேண்டும், எதிர்வீட்டுக்குப் போய்விட வேண்டும், எதற்காகவும் உள்ளே திரும்பக் கூடாது. நீயே கொளுத்தியிருந்தாலும் அடிக்க மாட்டேன் என்றும் சொன்னாள். குழந்தை அதை நம்பியதாகத் தெரியவில்லை. முதல் மூன்று நாளும் கால்கள் கட்டிலை நோக்கித்தான் போயின.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கடையிலிருந்து வந்தவள், கிரில் திறந்து கிடப்பதைப் பார்த்தாள். எதிர்வாசலில் தஸ்லிமா நின்றிருந்தாள்.

“பால் தீஞ்சு புகையா வந்துச்சும்மா. நஜ்மாம்மா போய் அடுப்ப அணைச்சிட்டாங்க.”

“அடுப்பப் பத்தவச்சது யாரு?”

“நான்தான்.”

ஜெஸிமாவின் கை தானாக உயர்ந்தது. குழந்தை அசையாமல் அந்தக் கையையே பார்த்தது. உயர்ந்த கையை என்ன செய்வதென்று அவளுக்குச் சற்றுநேரம் தெரியவில்லை. பிறகு இறக்கி, முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சரி. வெளிய வந்துட்டல்ல,” என்றாள்.