ஓரத்து ஸ்லாட்டில் ஒட்டிய பொட்டு

ரேஷன் அட்டையில் எனக்கு வயது அறுபது. உண்மையில் ஐம்பத்தாறு. நடுவில் உள்ள நான்கு வருடம், என் அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் நின்று சொன்ன பொய். பதினாலு வயதுக்காரியைப் பதினெட்டு என்றாள், எழுதிக்கொண்டார்கள், அதுவே என்னோடு ஒட்டிக்கொண்டது. மூன்று பெண்ணையும் ஒரு பையனையும் எவர் வாசலிலும் கையேந்தாமல் வளர்த்து ஆளாக்கினேன். இதைச் சொல்வது பெருமைக்குத்தான், வேறு காரணம் இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து வரும், ஆனால் மேட்டில் ஏறுகிற வண்டி மாடு மாதிரி நின்று நின்று வரும். அவசரமாக இருக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

எங்கள் வீடு அயனம்பாக்கத்தில். அக்காவுக்கு இருபது வயதில் கல்யாணம் ஆயிற்று. ஆன வருடமே மாமா பூந்தமல்லி ரோட்டில் ஒரு லாரிக்கு அடியில் போய்விட்டார். அக்கா வெறும் நெற்றியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். திருவள்ளூருக்கு அப்பால் இருந்த மாமியார் வீட்டிலிருந்து மாதம் தவறாமல் யாராவது வந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவிக்கு மருமகள்தானே செய்யவேண்டும் என்று கூப்பிடுவார்கள். அக்கா பயந்தது அந்த வீட்டுக்குத்தான். அங்கே மாமாவின் அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் பேச்சை எடுத்தால் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள். அம்மா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்.

"வேலைன்னு ஒண்ணு கீற வரைக்கும் நீ இங்கியே கெட. வேலை போச்சுன்னா அவங்க வந்து கேக்கசொல்ல நான் இன்னா பதில் சொல்றது?"

ஆகவே அந்த வேலைதான் அக்காவுக்கு வீடு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டினார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் எங்கள் தெருவில் ஜாதகம் கணிக்கிற பெட்டி என்றுதான் நினைத்தார்கள். அக்காவின் மேசையில் மூடியில்லாத பெட்டி ஒன்று எப்போதும் திறந்தே கிடக்கும். உள்ளே அகலமான பச்சைப் பலகை, அதற்கு மதர்போர்டு என்று பெயர். அதில் எட்டு ஸ்லாட், நீளநீளமான கறுப்புப் பொந்துகள், பக்கத்தில் பக்கத்தில். திரையில் எழுத்து வரவைக்கும் டிஸ்ப்ளே கார்டை அதில் ஒன்றில் செருகி, எரிகிறதா என்று பார்த்து அனுப்புவது அக்காவின் வேலை. கார்டை எடுத்துக் கொடுத்து வாங்கி வைப்பது என் வேலை.

எட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கரண்டுப் பெட்டிக்கு ஒட்டினாற்போல் ஓரத்தில் இருக்கிற ஸ்லாட்டு மட்டும் வேறு ஜாதி. அதற்கென்றே செய்த கார்டைத்தான் அது ஏற்கும். எங்கள் டிஸ்ப்ளே கார்டைப் போட்டால் வாயே திறக்காது, திரை இருட்டாகவே கிடக்கும். இன்ஜினியர் இதை ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தார். பக்கத்து மேசையில் ஆவடியிலிருந்து ரயிலில் வருகிற ஒரு அக்கா இருந்தாள், ஆவடிக்காரி என்போம். அவள் வாய்க்கு இது அவலாகிவிட்டது.

"மதர்னா அம்மாவாமே. எட்டு மடி வெச்சிகினு கீறா, அதுல ஒரு மடில மட்டும் எந்தப் புள்ளயும் குந்தக் கூடாதாம். இன்னா அம்மாடி இவ, மூதேவி!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அந்த ஓரத்து ஸ்லாட்டுக்குப் பக்கத்தில், பலகையின் மேல், சின்னதாக ஒரு அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டை அவள்தான் ஒட்டி வைத்தாள். இங்கே போடக்கூடாது என்பதற்கு அடையாளம் என்று என்னிடம் சொன்னாள். மாலையில் பார்த்தால் அந்தப் பொட்டு இருக்காது, காலையில் இருக்கும். பசை போய்விடுகிறது, புதிதாக ஒட்டுகிறாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வீட்டிலிருந்து எஸ்டேட்டுக்கு ஏரிக்கரை மேல் நடந்து போவோம். கரை ஏறியதும் அக்கா சொல்வாள்: "நீ முன்னால நட. பாம்பு கீதான்னு பாத்துகினே போ. திரும்பிப் பாக்காத, கால் எடறும்." திரும்பி வரும்போதும் அப்படித்தான். அக்காவைப் பாம்பிடமிருந்து காப்பாற்றுகிறவள் நான் என்று எனக்குத் தலைகால் புரியாது. கையில் குச்சியோடு, ராணுவம் மாதிரி நடப்பேன். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள். வாசலில் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. மேசை, விசிறி, ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றின் மேலும் சந்தனமும் குங்குமமும். இன்ஜினியர் ஊரிலிருந்து திரும்பவில்லை. அன்றைக்கென்று பெரிய பார்ட்டி ஒன்று மெஷின் பார்க்க வந்தது. காரிலிருந்து அவர்கள் இறங்கும்போதே மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, "நீ ஸ்டோர் ரூம்ல இரும்மா. மொத மொத வர்றாங்க, எதிர்ல வராத" என்றார். குரலில் கோபமில்லை. மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கோ என்பதுபோலச் சொன்னார். அக்கா பழகியவள், போய்விட்டாள்.

மேனேஜர் முதலாளியின் மைத்துனர், பம்புசெட் வியாபாரத்திலிருந்து வந்தவர். டிஸ்ப்ளே கார்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு திறந்த பெட்டிக்குள் குனிந்தார். எட்டு ஸ்லாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார், நம்ம பொண்ணுங்க பூஜை போட்டு எடத்துக்குக்கூடப் பொட்டு வெச்சிருக்குதுங்க!"

பொட்டு வைத்த இடம் நல்ல இடம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்த இடத்திலேயே அழுத்திச் செருகினார். ஆவடிக்காரி டீ வாங்கப் போயிருந்தாள். மற்றவர்கள் மேனேஜரைத் திருத்தத் துணியாமல் சுவரோரம் நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கம்பெனிக்குள் பேசாதே, பேசினால் உன் வயசு தெரிந்துவிடும் என்பது அக்காவின் கட்டளை.

சுவிட்சைப் போட்டார். இருட்டு. அணைத்து, கார்டை இன்னும் அழுத்திவிட்டுப் போட்டார். இருட்டு. வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் கழுத்தில் வியர்வை இறங்கியது. "கரண்டு லோவா கீது சார்" என்றார். மேலே விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அப்போது ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. அக்கா தலையைக் குனிந்தபடி வந்தாள். சுவிட்சை அணைத்தாள். கார்டைப் பிடுங்கி, ஓரத்து ஸ்லாட்டை விட்டு அதற்கு அடுத்ததில் செருகினாள், போட்டாள். திரையில் பச்சை எழுத்து ஓடியது. வந்தவர்கள் "வெரி குட்" என்று சொல்லி, டீயும் குடித்துவிட்டு, சந்தோஷமாகவே காரில் ஏறினார்கள். எனக்கு அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆடவேண்டும்போல இருந்தது.

கார் போனதும் மேனேஜர் உள்ளே வந்தார்.

"எவ அந்தப் பொட்ட அங்க வெச்சது?"

பெண்கள் எல்லோரும் அவரவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருடையதும் இருந்தது. அக்காவை யாரும் பார்க்கவே இல்லை. அவள் பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும்.

"நான்தான் சார். அங்க போடக் கூடாதுன்னு ஒரு அடையாளத்துக்கு."

"உனக்கு ஏதுடி பொட்டு?" என்றாள் ஆவடிக்காரி. கேலியாகத்தான் கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்கவேண்டும், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதானே," என்றார் மேனேஜர். "அறுத்துட்டு நிக்கிறவ பையில பொட்டு இன்னாத்துக்கு? யாருக்குக் காட்ட வெச்சிகினு சுத்துற?"

"அடையாளத்துக்கு சார்."

"இது குடும்பப் பொண்ணுங்க வேலை செய்யற எடம். நாளைலேந்து வராத. உன் தங்கச்சி வரட்டும், அதுக்கு எந்த ஸ்லாட்டுன்னு தெரியும் இல்ல?"

அக்கா குனிந்து பலகையிலிருந்து அந்தப் பொட்டைப் பிய்த்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல விரல்நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் என் நெற்றியில் ஒட்டினாள். அங்கே ஏற்கெனவே ஒரு பொட்டு இருந்தது, அதன் மேலேயே ஒட்டினாள்.

அன்று மாலை ஏரிக்கரையில் அவள் என்னை முன்னால் போகச் சொல்லவில்லை. பக்கத்திலேயே நடந்தாள். நான் குச்சியை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இன்னைக்குப் பாம்பு இல்லியாக்கா?"

"இல்ல. இனிமே இல்ல."

மெஷினில்தான் எழுத்து வந்துவிட்டதே, பிறகு அக்காவை ஏன் நிறுத்தினார்கள், ஒருவேளை கார்டு கெட்டிருக்குமோ என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். அந்த வாரக் கடைசியில் திருவள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். மாமாவின் அண்ணன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மாவிடம் பதில் இல்லை. அக்கா ஒரு பையோடு போனாள்.

அவள் மேசையில் நான் உட்கார்ந்தேன். கையை வைத்தால் ஓரத்து ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் வட்டமாகப் பசை தட்டுப்படும். நான் ஒரு கார்டைக்கூடத் தப்பாகச் செருகியது இல்லை.

அடுத்த ஆடிக்குள் அக்கா செத்துப்போனாள். வயிற்றுவலி என்றார்கள். வயிற்றுவலி தாங்காமல் கிணற்றங்கரைக்கு எதற்குப் போனாள் என்று நான் கேட்டேன். அப்பா என்னை அறைந்தார். அப்பா அறைந்தது அந்த ஒரு தடவைதான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஏரிக்கரையில் கீரை பறித்து விற்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். எங்கள் குடும்ப விவரம் தெரியாதவள். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "தெனம் பாப்பேன். கரை ஏறினதும் அந்தச் சின்னப் பொண்ண முன்னால உட்டுட்டு, முந்தானைலேந்து ஒரு பொட்டெடுத்து வெச்சிக்கும். கரை எறங்கசொல்ல எடுத்துடும். வெச்சா அவ்ளோ லட்சணமா இருக்கும் மவராசி."

"நீ வேற யாரையோ பாத்திருக்க" என்றாள் அம்மா.

நானும் ஆமாம் என்றேன். அந்தக் கரையில் தினமும் நடந்தவள் நான், பாம்பையே பார்த்தவள், எனக்குத் தெரியாமல் ஒரு பொட்டா? அந்த அம்மாவுக்குக் கண் மங்கல் என்று நிச்சயமாக நம்பினேன். யாரும் கைவைக்காத இடம் எஸ்டேட் முழுக்கத் தேடினாலும் அந்த ஒரு பொந்துதான், அதனால்தான் அங்கே ஒட்டி வைத்தாள் என்பதெல்லாம் நான் நாலு பெற்ற பிறகு புரிந்தது. ராத்திரியில் வீட்டுக்குள் அதை எங்கே வைத்தாள் என்பது இன்றுவரை தெரியாது.

அம்மா எழுதி முடித்துவிட்டேன் கண்ணு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா. என் எழுத்து உனக்குத்தான் புரியும். முதலிலிருந்து படித்துக் காட்டு. ஏரிக்கரை வருகிற இடத்தில் மட்டும் மெல்லப் படி. எனக்குப் பின்னால் நடந்து வந்தவளை நான் இன்னும் பார்க்கவில்லை.