உள்ளங்கைச் சீனி

எனக்கு இனிப்புச் சாப்பிடும் பழக்கம் கிடையாது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. டொபி தின்கிற பெரிய மனுஷர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். நான் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையில் ஒருவர் சட்டைப் பையில் எப்போதும் டொபி வைத்திருப்பார். நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவருடைய பற்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆடத் தொடங்கியது என் பல்.

கீழ் வரிசையில் முன்பல். துலக்கினால் ஈறில் இரத்தம். ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் ஊறப்போட்டுத் தின்னும் நிலைக்கு வந்ததும் மனைவி என்னை நமுனுகுலவிலிருந்து பதுளைக்கு பஸ் ஏற்றினாள். அவளும் ஏறிக்கொண்டாள். தனியாக அனுப்பினால் பாதி வழியில் இறங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

பல் டொக்டர் சிங்களப் பெண், சின்ன வயது, தமிழ் நன்றாகவே பேசினார். வெகுநேரம் வாய்க்குள் பார்த்தார். கடைவாயில் சொத்தை, ஈறெல்லாம் வீக்கம் என்றார்.

"இனிப்பு நிறைய சாப்பிடுறீங்களா?"

"தீபாவளிக்கு ஒரு பலகாரம். அவ்வளவுதாங்க."

"கேக், பணிஸ்?"

"தொடுறதில்லங்க."

"தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போடுறீங்க?"

"போடுறதே இல்லங்க."

நான் சொன்னதெல்லாம் உண்மை. டொக்டர் குழம்பிப்போய் மறுபடி வாய்க்குள் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"தேத்தண்ணில போடமாட்டாரு டொக்டர். உள்ளங்கையில வச்சு நக்குவாரு."

"எப்பவெல்லாம்?"

"தேத்தண்ணி குடிக்கிறப்ப எல்லாம்."

டொக்டர் என் கையை வாங்கி, ரேகை பார்ப்பவர் மாதிரி பார்த்தார். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறோம். ஒரு நக்கு சீனி, ஒரு மடக்கு தேத்தண்ணி. அதை யாரும் இனிப்பில் சேர்த்ததில்லை.

"இந்தக் கையில இனி சீனி வைக்கக் கூடாது. ராவைக்கும் பல்லு துலக்கணும். கீரை, கொய்யா, தயிர் சாப்பிடுங்க. ஈறு இறுகினா இந்தப் பல் நிக்கும். இல்லன்னா பக்கத்துப் பல்லும் சேர்ந்து போயிரும்."

தலையாட்டினேன். பல் போனால் போகட்டும் என்றுதான் மனதுக்குள் இருந்தது. காரணம் சீனி இல்லை.

கல்யாணமான புதிதில் என் அப்பா, அம்மா, தம்பிமார் எல்லோரும் ஒரே காம்பராவில், அந்த ஒற்றை அறைக்குள் இருந்தோம். அவர்கள் முன்னால் என்னோடு பேச இவளுக்குக் கூச்சம். சீனி வைக்க வரும்போது மட்டும் என் கையை அடியில் பிடித்து, கரண்டியைக் கவிழ்த்து, சிந்தாமல் இருக்க ஒரு விரலால் அழுத்திவிட்டுப் போவாள். பிள்ளைகள் வளர்ந்து கொழும்புக்குப் போன பிறகும் அந்த விரல் மாறவில்லை. வேறு கொஞ்சல் எதுவும் எங்களுக்குள் இருந்ததாக நினைவில்லை. நாங்கள் அந்த மாதிரி ஆட்கள் இல்லை.

பதுளை போய் வந்த மறுநாள் காலை அவள் கோப்பையைப் பலகையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என் இடது கை தானாக விரிந்து நின்றது. மடக்கிக்கொண்டேன்.

ஒரு கிழமை அப்படியே போனது. கீரை வந்தது, தயிர் வந்தது. எனக்கு எல்லாவற்றின் மீதும் கோபம். வல்லாரைச் சம்பல் என்ன பாவம் செய்தது, அதையும் திட்டினேன். ஈறில் இரத்தம் குறைந்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"ஏன் உம்முன்னு இருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒன்னுமில்ல. கை சும்மா இருக்கு."

சொன்னபிறகு வெட்கமாகப் போய்விட்டது. அவள் உள்ளே போய், ஒரு கொய்யாவைக் கீறிக்கொண்டு வந்தாள். என் கையை அடியில் பிடித்தாள். ஒரு துண்டை வைத்து, விரலால் அழுத்தினாள். கொய்யாத் துண்டு சிந்துகிற சாமான் இல்லை.

"பழுத்ததுதான். பயப்படாம கடிங்க."

மெதுவாகக் கடித்தேன். பல் நின்றது. கையை மறுபடி நீட்டினேன்.