வழியனுப்ப எழுந்தவர்

கோட்டையூரில் அப்பாவின் கடையை ஒட்டிப் பாத்திரக்கடை வைத்திருக்கும் மாமா, நலம் விசாரித்துவிட்டுக் கிளம்ப எழுந்தார். அதுவரை தலையணையில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்த அப்பா, இரு கைகளையும் கட்டிலில் ஊன்றினார்.

"எங்க எந்திரிக்கிறீக? படுங்க" என்று பதறினார் மாமா.

"வந்தவுகளக் கட்டில்ல கெடந்துக்கிட்டா அனுப்புறது? கூடத்துக் கதவு வரைக்குமாச்சும் வாரேன்."

எழுந்து நின்றுவிட்டார். கால்கள் நடுங்கின. ஓடிப்போய்த் தாங்கிக்கொண்ட அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது.

நிமோனியா முற்றி மதுரையில் ஐசியூவில் கிடந்து மீண்டவர் அப்பா. உயிரோடு வீடு வந்தார். தொடைச் சதையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். இனி தானாக நடமாடுவாரா என்பதுதான் எங்கள் கவலையெல்லாம். பிசியோதெரபி அக்கா சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். இணையத்தை அலசி நான் போட்ட அட்டவணை சுவரில் சும்மா தொங்கியது. சாப்பாடும் அப்படித்தான். முட்டை, மீன், பருப்பு என்று சத்தாக, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நோயாளிக்குக் கஞ்சிதான் என்பது அப்பாவின் சட்டம். அந்தக் கஞ்சியிலும் பாதி மிஞ்சும்.

பிசியோ அக்காவைப் போனில் பிடித்து என் யோசனையைச் சொன்னேன். சிரித்தார். கதவுக்குப் போகும் வழியில் ஒரு நாற்காலி போடு, மூச்சு வாங்கினால் உட்கார வை, தலை சுற்றினால் அன்றைக்கு அதோடு நிறுத்து என்றார். ஆள் வரவேண்டாம் என்று எல்லோரையும் தடுத்துக்கொண்டிருந்த நானே, சளி இருமல் இல்லாதவர்களாகப் பார்த்து அழைக்க ஆரம்பித்தேன். வாசலிலேயே பாடம் நடத்திவிடுவேன்: அப்பா சாப்பிடச் சொன்னால் மறுக்காதீர்கள், அவரும் சாப்பிட்டால்தான் என்று சொல்லுங்கள்.

விருந்தாளியைத் தனியே சாப்பிட விடுவதா? அப்பாவால் முடியாது. அவித்த முட்டை இறங்கியது, மீன் குழம்பும் சோறும் இறங்கின. கதவு வரை வந்தவர் முகப்பு வரை வந்தார், பிறகு தெரு வரை. தவறாமல் வந்த மாமாதான் புலம்பினார்: "ஒங்க உடம்பு தேறுறதுக்குள்ள எனக்குத் தொப்பை விழுந்துரும் போல."

அப்பாவுக்கு விஷயம் புரியாமல் இல்லை. "ஏத்தா, ஊரைக் கூட்டியாந்து என்னய நடக்க வைக்கிறியாக்கும்?" என்றார் ஒருநாள். நான் வாயைத் திறக்குமுன், "சரி, நாளைக்கு யாரு வாராக?" என்றார்.

இப்போது கைத்தடியோடு தெருமுனை வரை போய்வருகிறார். தேறியவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆட்கள் வரும் நேரமானால் என் காது இன்னும் வாசலுக்குப் போகிறது. முகப்பில் குவிந்து கிடந்த செருப்புகள், அம்மா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம், நாற்காலியில் இளைப்பாறியபடியே அப்பா இழுத்துக்கொண்டு போன பேச்சு. கவலையோடு கழிந்த மாதங்கள்தான். ஆனாலும் வீடு அவ்வளவு நிறைந்திருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நேற்று அப்பாவே ஆரம்பித்தார். வந்து பார்த்தவர்கள் வீட்டுக்கெல்லாம் பதிலுக்குப் போகவேண்டுமாம், இல்லாவிட்டால் மரியாதை இல்லையாம். முதலில் மாமா வீடு. அது கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு. பிசியோ அக்காவிடம் கேட்டாயிற்று: ஏறும்போது பலமான கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். நாளைக் காலை எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரே ஒரு படி ஏறி இறங்கிப் பார்க்கப்போகிறோம்.