ரெட்டியார்பாளையத்தில் விட்டுவந்த மாணவன்

காலை ஏழரைக்கு விழுப்புரத்தில் புதுச்சேரிப் பேருந்து ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். பாதிரியாராவதற்குப் படிக்கும் குருமடத்தில், பூசையில் மறையுரை சொல்லக் கற்றுக்கொடுக்கும் சாமியார் நான். வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகத் திரும்பாத கடைசி ஆண்டு மாணவன் சகாயராஜை அழைத்துவரத்தான் இந்தப் பயணம். அந்த ஆண்டில் இருப்பதே மூன்று பேர். ஒருவன் குறைந்தால் குருமடத்து அதிபர் என்னைத்தான் கேட்பார்.

கண்டமங்கலத்தில் ஏறிய பெரியவர் என் வெள்ளை அங்கியைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, பேத்திக்கு உங்க ஸ்கூல்ல எல்.கே.ஜி. சீட்டு கெடைக்குமா?"

"எனக்கு ஸ்கூல் கிடையாதுங்க."

"அப்ப என்னா வேலை பாக்குறீங்க?"

நல்ல கேள்விதான். வில்லியனூர் வரைக்கும் பதில் யோசித்தேன்.

எட்டேமுக்காலுக்கு ரெட்டியார்பாளையத்தில் இறங்கி இரண்டு தெரு நடந்தேன். சகாயராஜ் கைலியுடன் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா ஆரோக்கியமேரிக்குச் சிறுநீரகம் பழுது. கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு இவன்தான் கூட்டிப்போகிறான். அப்பா இல்லை. ஒரே பிள்ளை.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. எங்கள் வீட்டில் நாங்கள் ஏழு பேர். நான் குருமடத்துக்குக் கிளம்பிய அன்று, பாயில் இடம் கிடைத்ததென்று தம்பி சந்தோஷப்பட்டான். எல்லாவற்றையும் விட்டு வா என்று பாடம் நடத்த எனக்கென்ன கஷ்டம்? இப்போது வருகிறவர்கள் ஒற்றைப் பிள்ளைகள். பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

உள்ளே அவன் பெட்டி தயாராக இருந்தது. அடுக்கிவைத்தவர் அம்மா.

"கூட்டிட்டுப் போங்க சாமி. பக்கத்து வூட்டுப் பொண்ணு கூட நான் ஆஸ்பத்திரி போய்க்குவேன்."

"நீ என்னப்பா சொல்ற?" என்று அவனைக் கேட்டேன்.

"நீங்க சொன்னா வந்துடறேன் ஃபாதர்." முகத்தை நிமிர்த்தவே இல்லை. கீழ்ப்படிதலையும் நாங்கள்தானே கற்றுக்கொடுத்தோம்!

"நீ இங்கயே இரு. அதிபர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். அழுதுவிட்டான். நல்லது செய்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூச்சு வாங்கியது.

"இவங்கப்பா செத்தப்பகூட இவனை இருடான்னு நான் சொல்லல. கோயிலுக்குக் குடுத்துட்டேன், கோயிலுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லிக்கிட்டுத்தான் இத்தினி வருஷம் தனியா கெடந்தேன். இப்ப வந்து, வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டுப் போறீங்களே சாமி!"

"வேணாம்னு சொல்லலம்மா..." அவர் உள்ளே போய்விட்டார். காபி கொண்டுவந்தவன் மகன்தான்.

பதினொரு மணிக்கெல்லாம் திரும்பும் பேருந்தில் இருந்தேன். புதுச்சேரி வரை போய்க் கடலைப் பார்க்காமல் திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவனை விட்டுவந்ததில் வருத்தமில்லை; இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவனைக் கேட்டேன், அதிபரிடம் பேசுவதாகச் சொன்னேன், கோயிலுக்குக் கொடுத்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் குருமடத்துக்குத் தாய் என்று ஒருத்தி நினைவுக்கு வருவதே, மகன் பாதிரியாராகும் குருப்பட்டத்தன்று முதல் வரிசையில் உட்காரவைக்கத்தான். ஆரோக்கியமேரிக்கு அந்த நாற்காலியும் இனிக் கிடையாது.