நாற்காலி ஓட்டு

புனேயில் கேம்ப் என்கிற பழைய கண்டோன்மென்ட் பகுதியில், எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு கூடம் இருக்கிறது. மழைக்கால ஞாயிறுகளில் அங்கே பழைய ஆங்கில நாடகங்களை வாசிப்போம். மிகவும் பழையவை. லண்டனில் நாடகக் கொட்டகைகள் வருவதற்கு முன்னால், தச்சர்களும் தோல் பதனிடுகிறவர்களும் வண்டியில் மேடை கட்டித் தெருத்தெருவாக ஆடியவை. பெரும்பாலானவற்றை எழுதியவர் யாரென்றே தெரியாது. அரசு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்த எனக்கு அது பெரிய ஆறுதல். அனுமதி கேட்டு யாருக்கும் எழுத வேண்டியதில்லை.

வருகிறவர்களில் பாதிப்பேர் எங்களைப் போல கேம்ப்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள். மீதிப்பேர் ஓய்வுபெற்ற மராத்தி ஆசிரியர்கள், ஐ.டி. வேலைக்கு வந்து ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாத கோயம்புத்தூர்ப் பிள்ளைகள்.

ஒவ்வொரு ஆண்டும் இரண்டு நாடகங்கள் போட்டியிடும். இரண்டையும் பாதிவரைதான் வாசிப்போம். எதன் முடிவைத் தெரிந்துகொள்ள ஆசையோ அதற்கு ஓட்டு. ஜெயித்த நாடகம் ஜனவரியில் சர்ச் வளாகத்தில் மேடையேறும். தோற்றதன் மறுபாதி அலமாரிக்குள் போகும்.

முன்பெல்லாம் ஓட்டு என்றால் நாற்காலிதான். தேநீர் முடிந்ததும் அவரவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் இடப்பக்கமோ வலப்பக்கமோ போய் உட்கார வேண்டும். தலைகளை எண்ணினால் தேர்தல் முடிந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரியும். வலப்பக்க மின்விசிறி மட்டும்தான் ஒழுங்காக ஓடும். வலப்பக்க நாடகங்களே தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தன. போன ஆண்டு பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தேன்: ரகசிய வாக்கெடுப்பு, பூட்டிய பெட்டி, தனக்கென்று ஓட்டில்லாத தேர்தல் அதிகாரி ஒருவர். எல்லோரும் கை தூக்கி, பகிரங்கமாக, ரகசிய வாக்கெடுப்பை நிறைவேற்றினார்கள். அதிகாரி யார் என்று விவாதிக்கக்கூட இல்லை.

“ஒரு ஃபேனுக்காக ஒரு சட்டமா?” என்று என் மனைவி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தாள். அவள் கேம்ப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள்.

இந்த ஆண்டு போட்டியிட்ட ஒன்று, காணாமல்போன கோழிக்காக இரண்டு பக்கத்து வீடுகள் ஊரையே அடித்துக்கொள்ள வைக்கும் கூத்து. மற்றது ஒரு விதவையின் கதை. செத்துப்போன கணவனை மீட்க அவள் மறுவுலகத்தின் வாசலுக்குப் போகிறாள். உனக்கு மட்டுமே தெரிந்த மூன்று விஷயங்களை அவனைப் பற்றிச் சொல், விடுகிறேன் என்கிறான் காவலாளி. அவள் வாயைத் திறக்கிறாள். அங்கே எங்கள் பாதி முடிகிறது.

விதவையின் பகுதியை என் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குச் சில மாதம் முன்புதான் மருத்துவர் அவளுடைய மறதிக்கு ஒரு பெயர் சொல்லியிருந்தார். வெளியில் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை.

“இந்த வருஷம் மேடை ஏறிட்டா ஏறினதுதான். அடுத்த வருஷம் எனக்கு வசனம் நிக்காது. எனக்கே தெரியுது,” என்றாள்.

“ஓட்டு விழணுமே, டீச்சரம்மா.”

“விழும். நீங்க வாயைத் திறக்காம இருந்தா விழும்.”

வாசிப்பு நாளில் நன்றாகத்தான் தொடங்கினாள். அவள் குரலுக்குக் கூடம் வழக்கம்போல அடங்கியது. விதவை வாசலை நெருங்கும் பக்கத்தை முடித்ததும், தாளைத் திருப்புவதற்குப் பதில் அதே பக்கத்தை மறுபடி மேலிருந்து வாசித்தாள். நாடகத்தின் உத்தி என்று சிலர் தலையாட்டினார்கள். மூன்றாம் முறையும் அதே பக்கம் வந்தபோது யாரும் தலையாட்டவில்லை. காவலாளியாக வாசித்துக்கொண்டிருந்த எங்கள் செயலாளர், தன் தாளைப் பார்ப்பது போலக் குனிந்து அவள் தாளைத் திருப்பிவிட்டார். அவள் எதையும் கவனிக்காமல் தொடர்ந்தாள். முடிந்ததும் வழக்கத்தைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கோழி நாடகத்தை வாசித்தோம். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் கோழியாகவே கூவி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அன்றே வாக்கெடுப்பு. மஞ்சள் சீட்டு கோழிக்கு, வெள்ளைச் சீட்டு விதவைக்கு. பிஸ்கட் டப்பாவின் மூடியில் துளை போட்டுப் பூட்டு மாட்டியிருந்தேன். ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள்.

எண்ணுவதற்கு நானும் செயலாளரும் பக்கத்து அறைக்குப் போனோம். அவர் மராத்திக்காரர், கடக்வாஸ்லாவிலிருந்து பஸ் பிடித்து வரும் பழைய பேராசிரியர். டப்பாவைக் கவிழ்த்தோம். மேசை மஞ்சளாக இருந்தது.

வெள்ளைச் சீட்டுகளை அவர் தேடித் தேடித் தனியாக எடுத்துவைத்தார். பிறகு, “சாஹேப், இன்னொரு தடவை நாற்காலியிலேயே வைத்துப் பார்த்துவிடலாமே. எல்லோரும் வெளியில்தான் இருக்கிறார்கள்,” என்றார்.

“எண்ணி முடித்த பிறகு முறையை மாற்ற விதி இல்லை.”

“விதி எனக்கும் தெரியும். மேடம் முன்னால் ஒருவன்கூட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோழிப் பக்கம் போயிருக்க மாட்டான். அதுவும் தெரியும்.”

“அதற்குப் பெயர் ஓட்டு இல்லை.”

“இல்லைதான். அதற்கு வேறு பெயர்,” என்று சொல்லிவிட்டுச் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

நான் வெளியே வந்து முடிவை அறிவித்தேன். நடைமுறையில் ஒரு குறையும் இல்லை, இன்றும் அப்படித்தான் சொல்வேன். முதலில் கை தட்டியவள் என் மனைவி. “கோழிக்கு முட்டை யாரு போடப்போறா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பாதிப்பேர் அவள் முகத்தைப் பார்க்காமல் சிரித்தார்கள். ரிக்‌ஷாவில் திரும்பும்போது மழை. தன் பக்கத்துப் படுதாவை அவள் இறக்கவே இல்லை, நனைந்துகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது, “ஓட்டு எண்ணியாச்சா?” என்று கேட்டாள்.

விளையாட்டு என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது விளையாட்டாக இல்லை. சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது புதுச் செய்தி. ஒரே தேர்தலில் ஒரே ஆள் இத்தனை தடவை தோற்று நான் கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் என்னால் முடியவில்லை. “இன்னும் எண்ணலை,” என்றேன். வேலையில் இருந்த காலத்தில் ஒரு கோப்பைக்கூட வேண்டுமென்று நிறுத்திவைத்ததில்லை. அது ஒரு குறையாகவே என்னைப் பற்றிப் பேசப்பட்டது. அவள் முகம் மலர்ந்தது. உள்ளே போய்த் தாள்களை எடுத்துவந்து, ஒரு மணி நேரம் வாசலுக்குப் போகிற விதவையாக நடந்துகொண்டிருந்தாள். அப்புறம் நான் தாராளமாகப் பொய் சொல்ல ஆரம்பித்தேன். செயலாளருக்குக் காய்ச்சல், டப்பாவின் சாவி தொலைந்துவிட்டது, மழையில் கூடத்துக்குள் தண்ணீர். அவளும் கேட்டுக்கொண்டாள். சர்ச்சில் அதற்குள் கோழிக்கு ஒத்திகை தொடங்கியிருந்தது. ஆராதனை முடிந்ததும் கூடத்தின் பக்கம் போகாமல், வேறு வழியாக அவளை வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

போன வாரம் ஒரு மாலை, தேநீர்க் கோப்பையோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“எண்ணியாச்சா?”

“இன்னும் இல்ல.”

“யாரு அதிகாரி?”

“நான்தான்.”

“நீங்க அதிகாரியா இருந்து இன்னும் எண்ணலையா?” என் முகத்தையே பார்த்தாள். “பொய் சொல்லுதீங்க. பொட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உங்களுக்குத் தூக்கம் வருமா? எத்தனையோ மறந்துபோச்சு எனக்கு. உங்களை மறக்கல.”

அவள் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“தோத்துட்டேனா?”

“ஆமா.”

“நீங்க யாருக்குப் போட்டீங்க?”

“அதிகாரிக்கு ஓட்டு கிடையாது.”

“இருந்திருந்தா?”

விதவைக்கு என்று சொல்வது சுலபம். ஆனால் என் முகத்தை அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

“கோழிக்கு,” என்றேன். “நீ மேடையில நின்னு திணறுறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது.”

அவள் கோபப்படவில்லை. கோப்பையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“அப்போ மத்தவங்களும் அதனாலதான் கோழிக்குப் போட்டிருக்காங்க,” என்றாள். “எனக்கு என்னன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.”

கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள். “தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேற போட்டுட்டு வாரேன்,” என்று எழுந்து சமையலறைக்குள் போனாள். அவளைத் தனியாக அடுப்புப் பற்றவைக்க விடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நானும் எழுந்து பின்னாலேயே போனேன்.