கோடு விழாத பெயர்

அந்தக் கதவில் ஒரு பித்தளைச் சங்கிலி இருந்தது. லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் நாங்கள் ஐந்து ஆண்கள் சேர்ந்து குடியிருந்த வீட்டின் முன்கதவு அது. சங்கிலியைக் கழற்றாமல் திறந்தால் கதவு நான்கு விரல் அகலத்துக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் தெரிவதை வைத்து, வந்திருப்பவர் யார் என்று அறிந்துகொள்ள எங்களுக்குப் பழகியிருந்தது. டோர்ச் லைட்டும் தோள்பையும் என்றால் காஸ் மீட்டர் பார்ப்பவன். இரண்டு பேர் சிரித்தபடி நின்றால் கிறிஸ்தவ வேதம் சொல்ல வந்தவர்கள். கையில் ஃபைல் இருந்தால் மட்டும் வாய் திறக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்று அவர் கவுன்சிலுக்கு, அதாவது நகரசபைக்கு, சொல்லி வைத்திருந்தார். மலேசியா அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது அந்த இடைவெளி வழியாகத்தான். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம், மழைக்கோட்டின் ஒரு கை, அந்தக் கையில் ஓர் அட்டை, அட்டையில் கவ்வியிருந்த தாள். தாள் முழுக்கப் பெயர்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கவுன்சில் தேர்தல் காலம். அவர் என் அப்பாவின் பெயரைச் சொல்லி, "மிஸ்டர்" என்று முன்னால் ஒரு மரியாதையும் சேர்த்து, "அவர் இருக்காரா தம்பி?" என்று கேட்டார். அப்பா காலமாகிப் பதினைந்து வருடங்களுக்கு மேலிருக்கும். யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தைத் தாண்டி எங்குமே போகாத மனிதரை லண்டனில் ஒரு பெண் பெயர் சொல்லித் தேடி வந்து நிற்கிறாள் என்றால் அதை என்னவென்று எடுப்பது?

"அவர் செத்துப்போட்டார்" என்றேன்.

"ஐயோ! எப்போ?"

"கனகாலம்."

அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார். "மன்னிச்சிடுங்க தம்பி, தெரியாம கேட்டுட்டேன்" என்று சொல்லி, தாளை அட்டையோடு நெஞ்சில் சாய்த்து, பேனாவால் ஒரு பெயரின் மேல் கோடு போட்டார். ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் மேல்மாடிக்கு ஓடித் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசுவதும், பிறகு தாளில் ஏதோ குறிப்பதுமாக அவர் தெருமுனை வரைக்கும் போனார். என்ன குறிக்கிறார்? யாருக்காகக் குறிக்கிறார்?

என்னோடு ஒரே அறையில் இருந்த, வயதில் மூத்த அண்ணை கட்டிலில் படுத்தபடி கேட்டார். "ஆர் வந்தது?"

"ஒரு மனிசி. பேச்சில மலேசியாக்காரி போல கிடக்கு. வோட்டுக் கேட்டு வந்தவ."

"எங்களிட்டையோ? ஊரில போட்டுக் கண்ட சுகம் போதாதே! நான் வோட்டுப் போட்டா இந்த மழை விடுமோ, இல்லை என்ர ஷிப்டைத்தான் மாத்துவினமோ?"

"அப்பாவைக் கேட்டவ, அண்ணை. செத்திட்டார் எண்டு சொல்லிப்போட்டன்."

"நல்ல வேலை செய்தீர். செத்தவனிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேளார்" என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பெயர்ப் பட்டியல் என்றால் எனக்கு ஏன் அப்படிப் பயம் என்று அண்ணைக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபது வயதில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தேன். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதக் கலவரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு கூட்டம் வந்தபோது கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் இருந்தேன். முன்னால் வந்தவனிடம் பொல்லு இல்லை, கத்தி இல்லை, தாள்தான் இருந்தது. தாளைப் பார்த்தான், வீட்டு இலக்கத்தைப் பார்த்தான், ஒரு வீட்டைத் தாண்டிப் போனான். அடுத்த வீட்டில் நின்று கையைக் காட்டினான். அது வாக்காளர் இடாப்பு, வாக்குள்ளவர்களின் பெயர்ப் பட்டியல், என்று பிறகு சொன்னார்கள். தமிழர் வீடு எது என்று தேட அவர்களுக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. அதன்பிறகு என் பெயரை யாராவது ஒரு தாளில் எழுதினால் அந்தத் தாள் எங்கே போகிறது என்றுதான் என் கண் பார்க்கும்.

லண்டன் இடாப்பில் என் பெயர் ஏறியதும் என் விருப்பத்தில் அல்ல. கவுன்சிலிலிருந்து வந்த படிவத்தைத் திருப்பி அனுப்பாவிட்டால் தண்டம் என்று அதில் போட்டிருந்ததாம். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர், விசா உள்ள இரண்டு பேரின் பெயரை நிரப்பி அனுப்பிவிட்டார். அந்த இரண்டு பேரில் நான் ஒருவன். என் பெயர் முன்னால், அப்பாவின் பெயர் பின்னால். வெள்ளைக்காரருக்குப் பின்னால் இருப்பது குடும்பப் பெயர். ஆகவே இந்த நாட்டில் என்னை எல்லோரும் அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். வேலையிடத்தில் அது பழகியிருந்தது. ஆனால் தமிழ் முகம் ஒன்று தமிழில் அந்தப் பெயரைச் சொன்னபோது, அது அப்பா என்றுதான் என் மனம் எடுத்தது.

சில கிழமைகளில் கவுன்சில் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. அப்பாவின் பெயர் அதில் இருந்ததைக் கண்டேன். மற்றது விளங்கவில்லை. யாரிடமும் காட்டவில்லை. பீட்சாக் கடை விளம்பரங்களோடு இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. மனைவியும் மகளும் வவுனியாவில் இருந்தார்கள். மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது புறப்பட்டு வந்தவன் நான். அவளுக்கு அப்பா என்பது டெலிபோனில் கேட்கும் ஒரு குரல். அவர்களைக் கூப்பிட வேண்டுமானால் தங்குவதற்கு என் பெயரில் ஒரு வீடு காட்ட வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஐந்து ஆண்கள் இருக்கும் வீட்டைக் காட்ட முடியாது. ஒன்றரை வருடம் தேடி, பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு கடைக்கு மேல் இரண்டு அறை கிடைத்தது. வீடுகள் வாடகைக்கு எடுத்துக்கொடுக்கும் ஏஜென்ட் எங்கள் ஆள்தான். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"அண்ணை, நீங்கள் சொல்லுற விலாசத்தில உங்கட பேரே இல்லையே. இடாப்பில ஆள் இல்லை."

"நான் அங்கைதான் இருக்கிறன்."

"நீங்கள் இருக்கிறியள், சரி. கம்ப்யூட்டரில இல்லை. வீட்டுக்காரன் வெள்ளைக்காரன், இது இல்லாமல் தரமாட்டான். ஒரு மாதம் பிடிச்சு வைக்கிறன். அதுக்குமேல ஏலாது."

வீட்டுக்கு வந்து இழுப்பறையிலிருந்த கடிதத்தை எடுத்து, ஆங்கிலம் தெரிந்தவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தப் பெயருடையவர் இறந்துவிட்டதாக அறிகிறோம், தவறென்றால் அறிவிக்கவும், இல்லையேல் பெயர் நீக்கப்படும் என்று இருந்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது அந்த மலேசியாக்காரியின் வேலை என்று உடனே முடிவு கட்டினேன். என் பெயரை வெட்டுவதால் அவருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. லாபம் இல்லாமல் ஒருவர் மழையில் கதவு கதவாகத் திரிவாரா?

அந்தக் கிழமையே அவர் திரும்பவும் வந்தார். ஒரு கவுன்சிலர் விலகியதால் இடைத்தேர்தல். இந்த முறை அவரே வேட்பாளர், பிரசுரத்தில் அவருடைய படமே இருந்தது. நான் கூச்ச சுபாவம் உள்ளவன், குரல் உயர்த்தி யாரோடும் பேசியதில்லை. அன்று சங்கிலியைக் கழற்றிக் கதவை முழுதாகத் திறந்தேன். கடிதத்தை நீட்டினேன்.

"நீங்களோ என்ர பேரை வெட்டினது? நான் உயிரோட நிக்கிறன்."

அவர் கடிதத்தைப் படித்தார். "நீங்கதானே தம்பி, அவர் தவறிட்டாருன்னு சொன்னீங்க?"

"அது என்ர அப்பா."

அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊரு அடையாளக் கார்டுல, அப்பா பேருக்கு முன்னாடி இன்னாரு மகன்னு குறி போட்டிருப்பாங்க. இங்க அது இல்ல. வெள்ளைக்காரனுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரிஞ்சிருக்கணும் லா. என் பேருக்குப் பின்னாலயும் எங்கப்பாதான நிக்கிறாரு!" தன் கணவர் இறந்த பிறகும் அவர் பெயருக்கு வாக்காளர் அட்டை வந்துகொண்டிருந்ததையும், அதைப் பார்த்துத் தான் பட்ட பாட்டை இன்னொரு வீட்டார் படக் கூடாது என்று என் வீட்டுப் பெயரைக் கவுன்சிலுக்குத் தானே அறிவித்ததையும் சொன்னார். எனக்கு வாக்குரிமை உண்டு என்பதையும் அன்றுதான் விளங்கப்படுத்தினார். சிலோன் பாஸ்போர்ட்டாக இருந்தாலும், அது காமன்வெல்த் நாடு என்பதால் விசா இருந்தால் போடலாமாம்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கவுன்சிலுக்குக் கூட்டிப்போனார். ஏதோ பெரிய கம்பனியில் கணக்காளர் அவர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் என்னைக் காட்டி நீளமாகப் பேசினார். அந்தப் பெண் என்னை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, இது எதற்கு, அது எதற்கு என்று நான் வரிக்கு வரி கேட்டேன். அவர் சலிக்காமல் வரிக்கு வரி சொன்னார். சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. இரவு சமைக்கும்போது அறை அண்ணை அதற்கு எண்ணெய் ஊற்றினார். "ஒரு மனிசி சும்மா லீவு போட்டுக்கொண்டு உம்மோட வருமோ? கேக்க வேண்டியதைப் பிறகு கேப்பா, இருந்து பாரும்."

நான் இருந்து பார்த்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. தனக்குத்தான் வாக்குப் போட வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. கவுன்சில் கடிதம் மாத முடிவுக்குள் வந்தது. ஏஜென்ட் வாங்கிப் பார்த்துவிட்டு, "பிழைச்சிட்டியள் அண்ணை" என்று வீட்டுக் கதவின் திறப்பைத் தந்தார்.

வாக்களிப்பு நாளன்று காலை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போட வேண்டும் என்றுதான் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் உள்ளே போய் வந்தவர்களிடம் ஏதோ கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். திறந்திருந்த கதவால் உள்ளே தெரிந்தது. மேசையில் நீளமான பட்டியல். ஒரு பெண் அடிமட்டத்தை ஒரு பெயரின் மேல் வைத்துக் கோடு கீறினாள். அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டேன்.

மாலையில் கதவு தட்டப்பட்டது. மலேசியா அக்கா மழையில் நனைந்து நின்றார். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. கையில் அதே மாதிரித் தாள்.

"தம்பி, ஓட்டுப் போட்டுட்டீங்களா?"

"ஓம் அக்கா. விடியவே போட்டிட்டன்."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சந்தோஷம் தம்பி. குளிருது, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் அவர் தோற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் தெருவில் போடாதவர்கள்தான் அதிகம் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கிங் வீட்டுக்குக் குடிபோனேன். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. அக்கா வீட்டை விற்றுவிட்டு மலேசியாவுக்கே போய்விட்டார் என்று எப்போதோ ஒரு சேதி வந்தது.

மனைவியும் மகளும் அடுத்த பனிக்காலத்துக்கு முன் வந்து சேர்ந்தார்கள். மனைவி என்னைப்போல இல்லை. இரண்டு வருடத்தில் மகளின் பள்ளிக்கூடத்துத் தாய்மாரோடு சேர்ந்து, தேர்தல் வந்தால் வீடு வீடாகப் போகத் தொடங்கிவிட்டாள். நீங்கள் ஒரு கதவும் திறக்க மாட்டியள், நான் ஊர்க் கதவெல்லாம் தட்டுறன் என்று பகிடி பண்ணுவாள். அப்படி ஒரு தேர்தல் நாள் மாலை, குடை எடுக்க வீட்டுக்கு வந்தவள் கேட்டாள்.

"நீங்கள் போட்டிட்டியளோ?"

"ஓம். வேலைக்குப் போகேக்கை போட்டனான்."

அவள் கையிலிருந்த தாளை விரித்தாள். எங்கள் தெருப் பெயர்களில் சிலவற்றின் மேல் கோடு இருந்தது. என் பெயரின் மேல் இல்லை.

"அப்ப ஏன் இது சும்மா கிடக்கு?" என்று சிரித்தாள். "வாசல்ல இருக்கிறவர் போட்டிட்டு வாற ஆக்களின்ர நம்பரை எழுதி எடுப்பார். அது எங்களிட்ட வரும். போட்டவையின்ர பேரில கோடு. கோடு விழாத வீட்டுக் கதவைத்தான் நாங்கள் தட்டுறது. பொய் சொல்ல வேற ஆளைப் பாருங்கோ."

நான் கேட்டேன். "அப்பிடிப் பொய் சொல்லுற ஆக்களிட்ட என்ன சொல்லுவியள்?"

"என்னத்தைச் சொல்லுறது? நம்பின மாதிரி நிண்டிட்டு வாறதுதான்."

சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டினேன். இரவு பத்து மணி வரை போடலாம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரே குடையில் நடந்தோம். மலேசியா அக்காவைப் பற்றி அவளிடம் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். கடிதத்தை, கவுன்சிலை, வாசலில் நனைந்து நின்றதை. என் வாக்குக்காகத்தான் அவர் அவ்வளவும் செய்தாரோ என்ற சந்தேகம் சொல்லும்போதும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொன்னேன். பள்ளிக்கூட வாசல் வந்த பிறகும் கதை முடியவில்லை. மதிலோரம் நின்று மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

மனைவி குடையை மடக்கவில்லை. "நாங்கள் வந்து சேர்ந்தது அந்த மனிசிக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.